தில்லித் தெருக்களின் வரலாறு – 17: நான்காவது கேள்வி

சென்ற பகுதியில் தில்லிக் கல்லூரியின் வகுப்பறைகளுக்குள் போய் வந்தோம். காசியுத்தீன் மதரஸாவில் பிறந்து, பிறகு காஷ்மீரி வாசல் பக்கம் குடிபெயர்ந்த அந்தக் கல்லூரியில் ஐரோப்பிய அறிவியலை உருது மொழியில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரை அங்கே பெயரளவில் மட்டும் சந்தித்தோம். இந்தப் பகுதி முழுக்க அவருடையது. பெயர் ராம்சந்திரா. தில்லிக்காரர்கள் மரியாதையோடு ‘மாஸ்டர்’ என்று சேர்த்தே சொன்னார்கள்.

1821-இல் பானிபட்டில் ஒரு காயஸ்தர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சுந்தர் லால் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். மகனுக்குப் பத்து வயதாகும்போது இறந்துபோனார். பதினோரு வயதில் பையனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மணப்பெண்ணுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது என்பது பிறகுதான் தெரிந்தது. 1833-இல் தில்லி ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். 1844-இல் தில்லிக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். மறு ஆண்டே ஓர் உருதுப் பத்திரிகை, 1847-இல் இன்னொன்று என்று தொடங்கி, வானவியலும் வரலாறும் சமூகச் சீர்திருத்தமும் எழுதித் தள்ளினார். உருதுவின் முதல் நாவலாசிரியர் என்று சொல்லப்படும் நசீர் அகமதுவும், வரலாற்றாசிரியர் ஸக்காவுல்லாவும் இவருடைய மாணவர்கள்.

1850-இல் கல்கத்தாவில் சொந்தச் செலவில் ஒரு கணித நூல் அச்சிட்டார். ஓர் அளவு எப்போது மிகப் பெரிதாகும், எப்போது மிகச் சிறிதாகும் என்று கண்டுபிடிக்கும் கணக்குகளை நுண்கணிதத்தைத் தொடாமல் வெறும் இயற்கணிதத்தால் தீர்க்கும் நூல் அது. கல்கத்தா விமர்சகர்கள் அதை மதிக்கவில்லை. கல்கத்தாவில் இருந்த ஆங்கில அதிகாரி டிரிங்க்வாட்டர் பெத்தூன் வழியாக ஒரு பிரதி லண்டனில் அகஸ்டஸ் டி மார்கன் கைக்குப் போனது. பெரிய கணிதமேதையான அவர் அதன் அருமையை உணர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களிடம் பேசினார். ராம்சந்திராவுக்கு ஐந்து உருப்படி கொண்ட கில்லத்தும் (மரியாதை ஆடை) 2000 ரூபாயும் கிடைத்தன. 1859-இல் டி மார்கனின் முன்னுரையோடு நூல் லண்டனில் மறுபடி வந்தது. அந்த முன்னுரைக்காக ராம்சந்திரா எழுதி அனுப்பிய தன்வரலாற்றுக் குறிப்புதான் இன்று நமக்குள்ள முதன்மையான சான்று.

கணித நூலின் முன்னுரையில் ஒருவர் தன் மதமாற்றத்தைப் பற்றிச் சொல்வது விசித்திரம்தான். ஆனால் அந்தக் காலத் தில்லியில் கணக்கும் கடவுளும் ஒரே மேசையில் விவாதிக்கப்பட்டவை.

குறிப்பில் தெரியும் இளம் ராம்சந்திரா எந்த மதத்தையும் ஏற்காதவர். உருவ வழிபாட்டை விட்டுவிட்டார். ஒரே கடவுள் உண்டு, மனிதன் ஒழுக்கமாக நடக்கவேண்டும், அதற்குமேல் மதம் எதற்கு என்பதுதான் அவர் கட்சி. கிறிஸ்தவமும் மற்றவை போல இன்னொரு மூடநம்பிக்கை என்றே எண்ணினார். படித்த வெள்ளைக்காரர்கள் அதை மனதார நம்பமாட்டார்கள், ஊர் வழக்கத்துக்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது அவர் ஊகம். கம்பெனி அரசு தன் பள்ளிகளில் பைபிளைக் கற்பிக்காமல் இருந்ததும் அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தது.

ஒருநாள் வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில் காஷ்மீரி வாசல் தேவாலயத்துக்குள் போனார். தான் அறிவாளிகள் என்று மதித்த ஆங்கிலேயர்கள் சிலர் மண்டியிட்டு உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். தன் எண்ணம் தவறு என்று அங்கே உணர்ந்ததாகவும், பைபிளைப் படிக்கும் ஆசை அதன் பிறகே வந்ததாகவும் எழுதுகிறார். யாருடைய தான தருமமும் அவரைத் தொடவில்லை, எந்தப் பிரசங்கமும் அசைக்கவில்லை. நம்புகிறவர்களை நேரில் கண்டதுதான் அவரை உலுக்கியது.

அந்தத் தேவாலயத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. புனித ஜேம்ஸ் ஆலயம் எழுந்ததே ஒரு நேர்த்திக்கடனால்தான் என்பது மரபு. ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர், குதிரைப்படை கட்டிப் பெயர் வாங்கியவர். 1800-இல் உனியாராவில் நடந்த சண்டையில் குண்டடிபட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். பிழைத்தால் ஒரு கோயில் கட்டுகிறேன் என்று அப்போது வேண்டிக்கொண்டாராம். ரொட்டிக் கூடையும் தண்ணீர்ப் பானையுமாக வந்து அவரைக் காப்பாற்றியவர்கள் தோல் வேலை செய்யும் சமார் சாதியைச் சேர்ந்த வயதான ஆணும் பெண்ணும். பக்கத்தில் கால் துண்டிக்கப்பட்டுக் கிடந்த ராஜபுத்திர அதிகாரி, உயிர் போனாலும் அவர்கள் கைத் தண்ணீர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஸ்கின்னர் குடித்தார், பிழைத்தார், அந்தப் பெண்மணிக்குப் பிற்பாடு ஆயிரம் ரூபாய் அனுப்பினார்.

வேண்டுதல் நிறைவேற முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 1836 நவம்பர் 21 அன்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் வந்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். இந்தப் பேராயர் தமிழர்களுக்குப் புதியவர் அல்ல. சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழியவேண்டும் என்று 1833-இல் தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதி, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரும் புயலைக் கிளப்பியவர் இவர்தான். அதை எதிர்த்து நின்ற வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். கிறிஸ்தவன் என்பதற்கு நம்பிக்கை போதுமா, நடத்தையும் மாறவேண்டுமா என்ற வழக்கு காவிரிக் கரையில் அப்போதே தொடங்கிவிட்டது. யமுனைக் கரைக்கு அது வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

1852 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ராம்சந்திராவும் அவருடைய நண்பர் டாக்டர் சிம்மன் லாலும் அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சிம்மன் லால் அரசு மருத்துவமனையின் உதவி மருத்துவர்; ஊரே அறிந்த மனிதர். ஞானஸ்நானம் கொடுத்தவர், தில்லிக்குப் புதிதாக வந்திருந்த குருவானவர் மிட்ஜ்லி ஜென்னிங்ஸ். செய்தி கேட்டுத் தில்லியே திரண்டு ஆலயத்தைச் சுற்றி நின்றது.

ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், வயதுவந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முறைமை 1662-இல் சேர்க்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற வருகிறவரிடம் குருவானவர் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறாயா என்பது முதல் கேள்வி. விசுவாசப் பிரமாணத்தை முழுதாக வாசித்து, இதையெல்லாம் விசுவாசிக்கிறாயா என்பது இரண்டாவது. இந்த விசுவாசத்தில் ஞானஸ்நானம் பெற விரும்புகிறாயா என்பது மூன்றாவது. கடவுளின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்து வாழ்நாளெல்லாம் நடப்பாயா என்ற கேள்வி நான்காவதாகத்தான் வருகிறது.

இந்த வரிசை தற்செயலானதன்று. 1517-இல் மார்ட்டின் லூத்தர் மூட்டிய சண்டையின் சாரமே இந்த வரிசைதான். மனிதன் தன் நற்கிரியைகளால் கடவுளிடம் நீதிமான் ஆவதில்லை, கிறிஸ்துவின் மேல் வைத்த விசுவாசத்தால் ஆகிறான் என்றார் அவர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததும் இதே போதனைதான். இங்கிலாந்துத் திருச்சபை தன் முப்பத்தொன்பது பிரமாணங்களில் பதினொன்றாவதாக இதை எழுதிவைத்தது. அடுத்த பிரமாணம் நற்கிரியைகளுக்கு உரிய இடத்தைச் சொல்கிறது: மரத்தில் கனி காய்ப்பதுபோல அவை விசுவாசத்திலிருந்து பிறக்கும். கனி கொடுத்து மரத்தை வாங்க முடியாது.

ராம்சந்திரா எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு வந்தார் என்பது இந்த வரிசையில் துல்லியமாகத் தெரிகிறது. ஒழுக்கமாக இருந்தால் போதும் என்றவர் அவர். நான்காவது கேள்விக்கு அவரிடம் முன்பே பதில் இருந்தது. பொய் சொல்லாதவர், உழைப்பாளி, மாணவர்களுக்குப் பிரியமானவர். அவரை ஆலயத்துக்குள் கொண்டுவந்தது இரண்டாவது கேள்வி. நல்லவராக ஆவதற்கென்று அவர் மதம் மாறவேண்டியிருக்கவில்லை.

ஊருக்கு இது புரியவில்லை என்பதில் வியப்பில்லை. பஞ்சத்தில் அடிபட்டவன் சோற்றுக்காக மாறினான் என்று சொல்லிவிடலாம். கல்லூரி ஆசிரியரும் அரசு மருத்துவரும் மாறினால் என்ன சொல்வது? மதம் மாறியவரும் குடும்பச் சொத்தில் பங்கை இழக்கமாட்டார் என்று 1850-இல் கம்பெனி சட்டம் போட்டிருந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இது நடந்தது. கல்லூரியில் அறிவியல் படிக்கப் போகும் பிள்ளை கிறிஸ்தவனாகத் திரும்புவான் என்று பெற்றோர் அஞ்சி, சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஜென்னிங்ஸ் அடங்கியிருக்கத் தெரியாதவர். இந்த இருவரையும் தொடக்கமாக வைத்து முழு நகரத்தையும் வென்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார். 1854-இல் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் தில்லிக் கிளை முறையாகத் தொடங்கியது.

1857 மே 11, திங்கட்கிழமை காலை, மீரட்டில் கலகம் செய்துவிட்டுக் கிளம்பிய சிப்பாய்கள் யமுனைப் பாலத்தைக் கடந்து தில்லிக்குள் நுழைந்தார்கள். சிம்மன் லால் தரியாகஞ்சில் தன் மருந்தகத்தில் இருந்தார். இவர் கிறிஸ்தவர் என்று யாரோ அடையாளம் காட்ட, அங்கேயே வெட்டிக் கொன்றார்கள். ஜென்னிங்ஸும் அவருடைய மகளும் செங்கோட்டையின் லாகூர் வாசல் மாடியில் கொல்லப்பட்டார்கள். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த வலாயத் அலி என்ற இந்தியப் போதகரும் அன்றே இறந்தார். வேட்டையின் விதி எளிமையாக இருந்தது: தோல் வெள்ளையா என்று பார்த்தார்கள்; கறுப்பாக இருந்தால் மதம் என்ன என்று கேட்டார்கள்.

ராம்சந்திரா முதலில் வீட்டுக்குள் ஒளிந்தார். அவரைக் காப்பாற்றியவர்கள் இந்துக்களாகவே இருந்த உறவினர்களும் பழைய வேலையாட்களும்தான். பிறகு நகரைவிட்டுத் தப்பி ஒரு கிராமத்தில் மறைந்து வாழ்ந்து, கடைசியில் ரிட்ஜ் மேட்டில் முகாமிட்டிருந்த ஆங்கிலப் படையிடம் போய்ச் சேர்ந்தார். நகருக்குள்ளிருந்து வந்த கடிதங்களை அங்கே மொழிபெயர்த்துக் கொடுத்தார். செப்டம்பரில் தில்லி வீழ்ந்தது. ஆங்கிலப் படை கைப்பற்றிய சொத்துகளைக் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் ராம்சந்திரா வேலை பார்த்தார். அரசர் பகதூர் ஷாவின் விசாரணைக்கான ஆவணங்களை மொழிபெயர்த்தார். விசுவாசம், சேவை, தியாகம் என்று எதைக் கேட்டாலும் அவர் கையில் சான்று இருந்தது.

ஆனாலும் நவம்பரில் தில்லியின் ராணுவ ஆளுநர் கர்னல் பர்னுக்கு அவர் ஒரு கடிதம் எழுதவேண்டி வந்தது. ஆங்கில அதிகாரிகள் அவருடைய வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். ஒரு வளைவு வாசலைக் கடக்கும்போது ஓர் அதிகாரி, ஏன் சலாம் வைக்கவில்லை என்று தடியால் தலையில் அடித்தார். ராம்சந்திரா பல முறை சலாம் வைத்தார், நான் கிறிஸ்தவன் ஐயா, அரசு வேலையில் இருக்கிறேன் என்று கத்தினார். அடி நிற்கவில்லை. உன் தோல் கன்னங்கரேல் என்று இருக்கிறதே என்பதுதான் கிடைத்த பதில்.

அந்தக் கடிதத்தில் ராம்சந்திரா முன்வைக்கும் வாதம், இந்த நகரத்தில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான பக்கங்களில் ஒன்று. கலகக்காரர்கள் தேடியபோது தனக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்கிறார்: பிடிபட்டால் நண்பர் சிம்மன் லாலைப்போலக் கிறிஸ்தவன் என்பதற்காகச் சாவேன். இப்போதைய ஆபத்தில் அந்த ஆறுதலும் இல்லை. இங்கிலாந்தில் பிறக்கவில்லை, தோல் வெள்ளையில்லை என்பதற்காகவே ஓர் இந்தியக் கிறிஸ்தவன் கிறிஸ்தவ அதிகாரிகளிடமே அடிபடுகிறான். கலகக்காரர்களிடம்கூட இந்தக் குறை இல்லை. தங்கள் மதத்தானைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார்கள் அவர்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இதை நிறவெறிக்கு எதிரான குரலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது சரிதான். ஆனால் அதற்குள் ஓர் இறையியல் குற்றச்சாட்டும் இருக்கிறது. விசுவாசத்தால் மட்டுமே ஒருவன் கிறிஸ்தவனாகிறான் என்று எழுதிவைத்த திருச்சபையின் பிள்ளைகள்தான் அந்த அதிகாரிகள். அவர்கள் பிரமாணத்தை மெய்யாக நம்பியிருந்தால், ராம்சந்திராவின் தோலையோ சலாமையோ எண்ணிப் பார்க்க வேலையே இல்லை. இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் போதும். மாறாக, ஆங்கிலேயனாகப் பிறந்ததையே புண்ணியமாகக் கருதி, அந்தப் புண்ணியம் வாய்க்காதவரை வெளியே நிறுத்தினார்கள். கிரியைகளால் நீதிமானாக முடியாது என்று போதித்தவர்கள், பிறப்பால் ஆகலாம் என்று நடந்துகொண்டார்கள்.

ராம்சந்திரா மதத்தை விடவில்லை. ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் சிறிது காலம், பிறகு தில்லி மாவட்டப் பள்ளியில் தலைமையாசிரியர், அதன் பின் பாட்டியாலா அரச குடும்பத்தின் ஆசிரியர், அங்கே கல்வித் துறையின் தலைவர் என்று வாழ்க்கை நகர்ந்தது. இஸ்லாமிய அறிஞர்களோடு நூல் எழுதி வாதாடினார். அந்த நூல்களில் பகை மூட்டும் வரிகளும் உண்டு. 1880 ஆகஸ்ட் 11 அன்று தில்லியில் இறந்தார்.

நம்பிக்கை போதுமா, நடத்தையும் மாறவேண்டுமா என்ற பழைய கேள்வி, அவர் இறந்த பத்தாண்டில் தரியாகஞ்சில், வேறு மனிதர்களிடம் கேட்கப்பட்டது. 1877–78 பஞ்சத்தை ஒட்டித் தில்லியின் தோல் தொழிலாளர்கள் பலர் குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். உனியாராவில் ஸ்கின்னருக்குத் தண்ணீர் கொடுத்தவர்களின் சாதிதான். ஞாயிறன்று ஆலயத்துக்கு வந்தார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு என்றால் பழைய சாதிச் சடங்குகளையே செய்தார்கள். பிராதரி எனப்படும் சாதிக் கூட்டத்தின் தீர்ப்புக்கே கட்டுப்பட்டார்கள். 1879-இல் தில்லியில் இயங்கிய கேம்பிரிட்ஜ் மிஷனில் வந்து சேர்ந்த அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் லெஃப்ராய்க்கு இது பொறுக்கவில்லை. பெயரளவிலான கிறிஸ்தவர்கள் என்று முடிவுகட்டினார்.

1884-இல் தரியாகஞ்சில் சில வீடுகளைக் கிறிஸ்தவக் குடியிருப்பு என்று ஒதுக்கினார்கள். வாடகை குறைவு, நிபந்தனை மூன்று: ஞாயிறு ஓய்வு நாள்; பிறப்பு, திருமணம், மரணத்துக்குக் கிறிஸ்தவ முறை மட்டும்; சரஸ் என்ற கஞ்சாப் பிசினைப் புகைக்கக் கூடாது. பிராதரி கூடியது. இங்கேயா அங்கேயா, முடிவு செய்யுங்கள் என்றது. பலர் உறவின் பக்கம் போனார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் மிஷனோடு நின்றார்கள். லெஃப்ராய் அந்தச் சிலரைக் கண்டு திருப்தியடைந்தார். எண்ணிக்கை குறைந்தாலும் உண்மை மிஞ்சியது என்பது அவர் கணக்கு.

அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. கனியே காணாத மரத்தை யாரும் சந்தேகிப்பார்கள். சாதியை விடாத சபையைப் பற்றி வில்சன் பேராயருக்கு இருந்த கோபமும் நியாயமானதே. ஆனால் வரிசை மாறிவிட்டதைக் கவனிக்கவேண்டும். கல்லூரி ஆசிரியரிடம் இரண்டாவது கேள்வியோடு திருப்தியடைந்த திருச்சபை, தோல் தொழிலாளியிடம் நான்காவது கேள்வியை முதலில் வைத்தது. ராம்சந்திரா என்ன புகைத்தார் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தொழிலாளிக்குப் பிராதரி வெறும் பழக்கமும் அன்று. தோல் வாங்கவும் செருப்பு விற்கவும் பெண் கொடுக்கவும் பிணம் தூக்கவும் அதுதான் கை கொடுத்தது. அதை அறுத்துக்கொண்டு வருகிறவன்தான் கிறிஸ்தவன் என்றால், குறைந்த வாடகை வீடு அந்த இழப்பில் எத்தனை பங்கை ஈடுகட்டும்?

விசுவாசம் மட்டும் போதும் என்ற போதனை ஏழைக்கும் தாழ்த்தப்பட்டவருக்கும் பெரிய வாசல். புண்ணியம் செய்யப் பணம் வேண்டாம், குலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். அந்த வாசலைத் திறந்துவைத்தவர்களே, உள்ளே வருகிறவரின் தோலையும் புகைக்குழலையும் சோதிக்கத் தொடங்கியதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தில்லிச் சபையின் கதை. நம்பிக்கை உள்ளத்தில் இருப்பது, அளக்க முடியாது. அளக்க முடிந்ததை அளப்பதில் நிர்வாகங்களுக்கு என்றும் ஆசை.

லெஃப்ராயின் தோழர் ஆல்நட் 1881-இல் சாந்தினி சௌக் அருகே கினாரி பஜாரில் ஐந்து மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் புனித ஸ்டீபன் கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டபோது, அங்கே பாடம் நடத்திய சுஷில் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்தவர் இருந்தார். ஆங்கிலேய ஆசிரியர்கள் ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்யலாமா என்ற தயக்கமும் இருந்தது. ருத்ராவே முதல்வர் என்று பிடிவாதமாக நின்றவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் என்ற இளம் ஆங்கிலேயர். 1857 நவம்பரில் ராம்சந்திரா எழுதிய புகாருக்கு, அவர் சேர்ந்த திருச்சபையிடமிருந்து வந்த முதல் நேர்மையான பதில் அந்த 1906 நியமனம்தான். அது எப்படி வந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)